கையில் தரும் காசா, பாயிண்ட்ஸா, கோர்ட்டா? சிங்கப்பூரில் ஃபோர்க்லிஃப்டில் அடிபட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியா பக்கம் போனால், காலில் கட்டும் கக்கத்தில் ஊன்றுகோலுமாக யாராவது ஒரு தம்பியைப் பார்த்துவிடலாம். சில வாரங்களுக்கு முன்னால் அப்படி ஒருவர் புல்திடலில் உட்கார்ந்திருந்தார். கிடங்கு வேலை. சுமை தூக்கி அடுக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் வலது பாதத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. சுற்றி மூன்று பேர், மூன்று யோசனை. "கம்பெனி மூவாயிரம் வெள்ளி தருதுல்ல, வாங்கிட்டு ஊருக்குப் போ" என்றார் ஒருவர். "கிளெய்ம் போடு, பாயிண்ட்ஸ் வரும்" என்றார் அடுத்தவர். மூன்றாமவருக்கு ஒரு லாயர் ஆபீஸில் ஆள் பழக்கம். "கேஸ் போட்டா கதையே வேற" என்றார். தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, இதுல எதுண்ணே நல்லது?" என்று கேட்டார்.

நான் துவாஸ் தொழிற்பேட்டைப் பகுதியில் பன்னிரண்டு வருடம் கிடங்கு வேலை பார்த்தவன். அதில் ஏழு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். யாரையும் இடித்ததில்லை, இடிபட்டதும் இல்லை. இரண்டிலும் மயிரிழையில் தப்பியிருக்கிறேன். அப்புறம் என் அறையில் இருந்த ஒருவர் அடிபட்டு, அவருக்காக அலைந்ததில் இந்த விவகாரம் கொஞ்சம் பழகியது. அன்றைக்குத் தம்பியிடம் நின்றபடி சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எல்லாமே சிங்கப்பூர்க் கணக்கு, வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். ஊர்த் தொழிற்சாலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ., அங்குள்ள சட்டம் என்று வேறு பாதை. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த மூவாயிரம் வெள்ளி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் இதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. பாத எலும்பு நொறுங்கினால் இரண்டாம் மாதம் வீக்கம் வடிந்து, நடக்கக்கூட முடியும். ஆறாம் மாதம்தான் தெரியும், எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை, ஏணி ஏற முடியவில்லை என்று. உடம்பில் என்ன மிச்சம் என்று டாக்டருக்கே தெரியாத நேரத்தில் ஒரு தொகையைச் சொன்னால், அது உங்கள் காலுக்கான விலை இல்லை. விஷயம் வெளியே போகாமல் இருப்பதற்கான விலை.

அந்தப் பணத்தோடு ஒரு தாளும் வரும். "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். சட்டப்படியான இழப்பீட்டு உரிமையை அப்படி எழுதி வாங்கிவிட முடியாது. அந்தத் தாள் செல்லாது. ஆனால் செல்லாது என்று சொல்வதற்கு நீங்கள் இங்கே இருக்க வேண்டுமே. ஊருக்குப் போன பிறகு மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு யாரைத் தேடுவது?

"முதலாளி நல்லவர்ணே, அவருக்குக் கஷ்டம் கொடுக்க வேண்டாம்னு பார்க்கிறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. நல்லவராகவே இருக்கட்டும். உடலுழைப்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவு என்றாலும், காயக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். காப்பீடு இருக்கிற கம்பெனியில் உங்கள் இழப்பீடு முதலாளி பையிலிருந்து வருவதில்லை, இன்சூரன்ஸிலிருந்து வருகிறது. அப்படியிருந்தும் கையில் காசு கொடுத்து முடிக்கப் பார்க்கிறார்கள் என்றால், விபத்தை மனிதவள அமைச்சுக்குச் சொல்ல விருப்பமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். 2020 செப்டம்பரிலிருந்து, வேலையிடக் காயத்துக்கு டாக்டர் ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை மட்டும்) என்று எழுதிக் கொடுத்தாலும்கூட, கம்பெனி அதை அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆக, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

கிளெய்ம்: தப்பு யாருடையது என்று கேட்காத வழி

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். நம் ஆட்கள் "விக்கா" என்பார்கள், இல்லையென்றால் வெறும் "கிளெய்ம்". இப்போது நடப்பில் இருப்பது 2019இல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம்.

இதன் பெரிய பலம், தப்பு யாருடையது என்ற கேள்வியே இதில் கிடையாது. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டீர்கள் என்றால் போதும். மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றீர்களா, ஓட்டியவர் பயிற்சி எடுத்தவரா என்பதெல்லாம் தொகையைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. குடித்துவிட்டு வந்தது, அடிதடியில் காயம்பட்டது, தானே காயப்படுத்திக்கொண்டது, இவை மட்டும் வேறு கதை. லாயர் தேவையில்லை. வாதாட வேண்டிய கட்டமும் பெரும்பாலும் வராது.

வரும் பணம் மூன்று வகை. ஒன்று, எம்சி சம்பளம். சாதாரண எம்சி என்றால் 14 நாள் வரையும், மருத்துவமனை எம்சி என்றால் 60 நாள் வரையும் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை. லைட் டியூட்டியில் போட்டு வருமானம் குறைந்தால் அந்த இழப்பும் இப்போதைய சட்டத்தில் கணக்கில் வருகிறது. இரண்டு, மருத்துவச் செலவு: 53,000 வெள்ளி, அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. மூன்றாவதுதான் எல்லாரும் பேசுகிற பாயிண்ட்ஸ்.

பாயிண்ட்ஸ் என்பது நாமாக வைத்த பெயர். உடம்பு ஓரளவு நிலைக்கு வந்த பிறகு, இந்தக் காயத்தால் நிரந்தரமாக எத்தனை சதவீதம் இழப்பு என்று டாக்டர் மதிப்பிடுகிறார். பத்து சதவீதம் என்றால் நம் பேச்சில் பத்துப் பாயிண்ட்ஸ். கணக்கு இப்படி: உங்கள் சராசரி மாத வருமானம், அதை வயதுக்கான ஓர் எண்ணால் பெருக்கி, அதில் இந்தச் சதவீதம். நாற்பது வயது வரைக்கும் அந்த எண் 181. வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போய் 72இல் நிற்கும்.

இருபத்தெட்டு வயது, மாதம் 900 வெள்ளி, பத்துப் பாயிண்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 900 பெருக்கல் 181, அது 1,62,900. அதில் பத்து சதவீதம் 16,290 வெள்ளி. முழு ஊனத்துக்கு இந்தத் தொகை 1,16,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது, 3,46,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று கீழும் மேலும் வரம்பு உண்டு. 600 வெள்ளிதான் வருமானம் என்றால் பெருக்கி வருவது 1,08,600; அது கீழ் வரம்புக்கும் கம்மி. அதனால் 1,16,000இல் பத்து சதவீதம், 11,600 கிடைக்கும். நூறு சதவீத ஊனம் என்றால் பராமரிப்புக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்த்துக் கொடுப்பார்கள். இந்த வரம்பெல்லாம் 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு. அதற்கு முன்னால் அடிபட்டவருக்குப் பழைய வரம்பு: ஊனத்துக்கு 97,000 முதல் 2,89,000 வரை, மருத்துவச் செலவு 45,000. யாராவது பழைய எண்ணைச் சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் அடிபட்ட காலம் அது.

இந்தக் கணக்கில் நம் ஆட்கள் கோட்டை விடுகிற இடம் பாயிண்ட்ஸ் இல்லை, சராசரி மாத வருமானம். கடைசி 12 மாதத்தின் ஓவர்டைமும் அதில் சேர வேண்டும். நிஜத்தில் ஓவர்டைமோடு 1,100 வாங்குகிறவரை, அடிப்படைச் சம்பளம் 650 மட்டும் என்று காட்டினால் என்ன ஆகும்? பத்துப் பாயிண்ட்ஸுக்கு 19,910 வர வேண்டியது 11,765 ஆகிவிடும். எட்டாயிரம் வெள்ளிக்கு மேல் காணாமல் போகிறது, ஒரு தாள் இல்லாததால். விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். மாதா மாதம் அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அடிபடுவதற்கு முன்னாலிருந்தே வைக்க வேண்டிய பழக்கம் இது.

சரி, இதில் குறை? வலிக்குக் காசு இல்லை. இரவில் தூக்கமில்லாமல் கிடந்ததற்கு இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் தொடரும் சிகிச்சைக்கு இல்லை. இன்னும் இருபது வருடம் உழைத்துச் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தை ஒரு பெருக்கல் கணக்கில் அடக்கிவிடுகிறார்கள். மேல் வரம்பு என்று ஒன்று இருப்பதால், காயம் பெரியதாக இருப்பவரும் சம்பளம் கூட வாங்குகிறவரும்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள்.

இன்னொரு கஷ்டம் காத்திருப்பது. கம்பெனி வொர்க் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால், கிளெய்ம் முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருக்க வேண்டும். அந்தப் பாஸில் வேலை செய்யக் கூடாது. ஊரில் ஏஜென்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும், நீங்கள் இங்கே கட்டிலில் கிடப்பீர்கள். ஆனால் ஒன்று, சம்பளப் பாக்கிக்கோ காய இழப்பீட்டுக்கோ சட்டப்படி கிளெய்ம் போட்டுக் காத்திருக்கிற வெளிநாட்டு ஊழியரின் தங்குமிடத்துக்கும் பராமரிப்புக்கும் முதலாளிதான் பொறுப்பு, பணம் கைக்கு வரும்வரை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கோர்ட் விஷயத்துக்கு வரும்போது இது வேண்டும்.

கோர்ட்: தப்பை நிரூபிக்க வேண்டிய வழி

சிவில் வழக்குப் போட்டால் கேட்கக்கூடிய பட்டியல் நீளம். வலிக்கும் வேதனைக்கும் தனித் தொகை, இதுவரை இழந்த சம்பளம், இனி இழக்கப்போகிற சம்பளம், வேறு வேலை தேடினாலும் பழைய மாதிரி சம்பாதிக்க முடியாத இழப்பு, எதிர்காலச் சிகிச்சை. சட்டத்தில் மேல் வரம்பு கிடையாது. "லட்சக்கணக்கில் வரும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது. பொய்யும் இல்லை. வருகிறவருக்கு வரும்.

ஆனால் கோர்ட் கேட்கும் முதல் கேள்வி: யார் தப்பு? இங்கேதான் ஃபோர்க்லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஓட்டியவன் என்பதால் எனக்கு இதில் சொல்ல நிறைய உண்டு.

கார் மாதிரி அது முன்சக்கரத்தில் திரும்புவதில்லை, பின்சக்கரத்தில் திரும்புகிறது. அதனால் ஓட்டுகிறவர் முன்பக்கம் இடதுபுறம் திரும்பினால் பின்பக்கம் வலதுபுறம் வீசும். பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறோம், வண்டி நம்மைத் தாண்டிவிட்டது என்று நினைக்கிற நொடியில்தான் பின்பாகம் வந்து அடிக்கும், சக்கரம் பாதத்தில் ஏறும். தம்பிக்கு நடந்தது அதுதான். பின்னால் இரும்பு எடை வைத்திருப்பார்கள், சுமையைச் சமன் செய்ய. வண்டி வெறுமையாக இருந்தாலே சில டன். சுமையை உயரமாக அடுக்கினால் முன்னால் எதுவும் தெரியாது; அப்போது பின்னோக்கி ஓட்ட வேண்டும், இல்லையென்றால் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். அவசரத்தில் இரண்டையும் செய்யாதவர்கள் நிறையப் பேர். சுமையைத் தூக்கிய நிலையிலேயே திரும்பினால் கவிழும். கவிழும்போது வெளியே குதித்தால் மேல்கூரை இரும்புச் சட்டகம் ஆள்மேல் விழும். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அந்த நேரத்தில் கால் கேட்காது, குதித்துவிடும்.

இதில் ஒவ்வொன்றும் கோர்ட்டில் ஒரு கேள்வியாக மாறும். நடக்கிறவருக்கும் வண்டிக்கும் தனித்தனிப் பாதை போட்டிருந்தார்களா? ஓட்டியவர் பயிற்சி பெற்றவரா, சாவியை யார் வேண்டுமானாலும் எடுக்க முடிந்ததா? பின்னோக்கி வரும்போது சத்தம் எழுப்பும் கருவி வேலை செய்ததா? பிரேக் எப்போது பார்த்தது? பாதுகாப்பான வேலைமுறையை அமைத்துக்கொடுப்பது முதலாளியின் கடமை. கூட வேலை செய்கிறவர் வேலையின்போது செய்த கவனக்குறைவுக்கும் முதலாளி பொறுப்பேற்க வேண்டிவரும். அதே நேரம் எதிர்த்தரப்பு உங்களையும் கேட்கும்: நீ ஏன் அங்கே நின்றாய்? முப்பது சதவீதம் தப்பு உங்கள் பக்கம் என்று நீதிபதி முடிவு செய்தால், ஒரு லட்சம் வெள்ளி எழுபதாயிரம் ஆகும். தப்பு முழுக்க உங்களுடையது என்றால் ஒன்றுமே இல்லை. கிளெய்மில் யாரும் கேட்காத கேள்வி இங்கே பாதிப் பணத்தைக் கொண்டுபோய்விடும்.

அடுத்தது செலவு. "ஜெயித்தால் இருபது பர்சென்ட், தோற்றால் எதுவும் வேண்டாம்" என்று தேக்காவில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த மாதிரிக் காய வழக்குகளில் கிடைக்கிற தொகையில் பங்கு பேசுவது சிங்கப்பூர் லாயர்களுக்கு அனுமதி இல்லாத ஒன்று. அரசாங்கச் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டச் சொல்லலாம். காயம்பட்டவரைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தால் கமிஷன் என்று அலைகிற ஆட்கள் உண்டு. அவர்கள் தமிழில் பாசமாகத்தான் பேசுவார்கள். நேர்மையான லாயர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். அடையாளம் என்ன என்றால், "உன் கேஸ் பலமில்லை, கிளெய்மிலேயே இரு" என்று சொல்லக்கூடியவராக இருப்பார்.

காலமும் கூடுதல். கிளெய்ம் மாதக்கணக்கில் முடியலாம்; வழக்கு வருடக்கணக்கில் போகும். முன்னால் சொன்ன தங்குமிடப் பொறுப்பு சட்டப்படியான கிளெய்முக்கு எழுதப்பட்டது; கிளெய்மைத் திரும்பப் பெற்று வழக்குக்குப் போனால் அதை நம்பி உட்கார முடியாது. பெரும்பாலும் ஊருக்குப் போய்விட்டு, லாயர் வழியாக நடத்தி, பரிசோதனைக்கோ சாட்சி சொல்லவோ தேவைப்பட்டால் திரும்ப வருவதாக இருக்கும்.

யாருக்கு எது

நான் பார்க்கிற விதத்தில், தொகை எவ்வளவு என்பதைக் கடைசியில் வைக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது: தப்பு என்னுடையது இல்லை என்று என்னிடம் உள்ளதை வைத்துக் காட்ட முடியுமா? அடுத்தது: இரண்டு மூன்று வருடம் அந்தப் பணம் இல்லாமல் வீடு ஓடுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் மூன்றாவதாகத் தொகை.

பாதத்தில் சக்கரம் ஏறி, விரல் எலும்பு முறிந்து, எட்டுப் பத்துப் பாயிண்ட்ஸ் வரக்கூடிய தம்பி மாதிரி ஆட்களுக்குக் கிளெய்ம்தான். கோர்ட்டில் கொஞ்சம் கூடக் கிடைத்தாலும் லாயர் செலவும் காத்திருப்பும் அதைத் தின்றுவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வண்டியை ஓட்டியவரே சரிவில் கவிழ்ந்து அடிபட்டால்? பெல்ட் போடவில்லை, சுமையைத் தூக்கியபடி திரும்பினார் என்றால் கோர்ட்டில் அவர் கேஸ் அவருக்கே எதிராகத் திரும்பும். கிளெய்மில் அதே மனிதருக்கு முழுத் தொகை. தப்பு கேட்காத சட்டத்தின் அருமை அவருக்குத்தான் தெரியும். பிரேக் கெட்டிருந்ததைப் பலமுறை எழுதிக் கொடுத்தும் கம்பெனி பார்க்கவில்லை என்பது மாதிரி ஏதாவது கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இனி இன்னொருவர். இருபத்தாறு வயது. கப்பல் பட்டறையில் போட்ட நடைபாதைக்குள்ளேயே நடந்து போகிறார். வேறு கம்பெனியின் ஃபோர்க்லிஃப்ட், முன்னால் எதுவும் தெரியாத உயரத்துக்குச் சுமை, வழிகாட்டும் ஆள் இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. இவரைக் கிளெய்மோடு நிறுத்திக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வராது. செயற்கைக் கால் என்பது ஒருமுறை வாங்குவதோடு முடிவதில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, ஆயுள் முழுக்க. அந்தச் செலவைக் கேட்க இடம் இருப்பது கோர்ட்டில்தான். தன் முதலாளியோடு அந்த இன்னொரு கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க முடியும். இப்படிப்பட்டவர் கட்டாயம் லாயரைப் பார்க்க வேண்டும், ஒருவரை அல்ல, இரண்டு பேரை.

நான்காவது ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: நல்ல சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர். அவரும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார். ஆனால் 3,46,000ஐ 181ஆல் வகுத்துப் பாருங்கள், 1,911 வெள்ளி சொச்சம். நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு மாத வருமானம் அதைத் தாண்டினால் மேல் வரம்பு வெட்டத் தொடங்குகிறது. 3,500 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு நாற்பது சதவீத இழப்பு என்றால், வரம்பு இல்லாவிட்டால் கணக்கு 2,53,400, வரம்போடு 1,38,400. தப்பு எதிர்த்தரப்பில் என்று காட்ட முடிந்தால், இவருக்குக் கோர்ட் அர்த்தமுள்ள வழி. 700 வெள்ளி வாங்குகிறவருக்கு இந்த வாதம் பொருந்தாது.

இறந்துபோனவரின் குடும்பத்துக்கும் இதே இரண்டு பாதைதான். கிளெய்மில் பெருக்கும் எண் நாற்பது வயது வரை 136. தொகை 91,000க்கும் 2,69,000க்கும் நடுவில். தப்பு தெளிவாக எதிர்த்தரப்பில் இருந்தால் அங்கேயும் ஒரு லாயரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஆனால் கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்கிற ஒரு பெண்ணிடம் மூன்று வருடம் பொறு என்று எழுதிவிடுவது சுலபம், நேரில் சொல்வதுதான் கஷ்டம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு

இரண்டிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆனால் முதல் நாளே முடிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கிளெய்மை விபத்து நடந்த ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். சிவில் வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருடம். கிளெய்மைப் பதிந்துவிட்டு, பாயிண்ட்ஸ் எவ்வளவு, தொகை எவ்வளவு என்று கணக்கிட்ட அறிவிப்பு வருகிறவரை காத்திருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்தபின், கிளெய்மைத் திரும்பப் பெற்று வழக்குக்குப் போக ஒரு குறுகிய அவகாசம் தருகிறார்கள். அறிவிப்பில் இருக்கும் கடைசித் தேதியை அன்றே பாருங்கள். அந்த நாளைத் தாண்டிவிட்டால், அல்லது தொகையை ஏற்றுக்கொண்டால், கதவு மூடியாகிவிட்டது. தலைகீழாக, "வழக்கு இருக்கே" என்று ஒரு வருடம் கிளெய்மைப் பதியாமல் விட்டால் அந்தப் பக்கக் கதவு பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

பாயிண்ட்ஸ் குறைவாக வந்திருக்கிறது என்று தோன்றினால் அதற்காகக் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவித்தால் மருத்துவக் குழு மறுபடி பார்க்கும். கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

என் அறை நண்பர் இந்தக் கதவில்தான் நின்றார். ஒன்பது பாயிண்ட்ஸ் என்று தாள் வந்தது. அவருக்குக் கோபம், ஒரு வருடம் நொண்டியதற்கு ஒன்பதா என்று. லாயரைப் பார்த்தோம். லாயர் இரண்டே கேள்வி கேட்டார்: நடைபாதை இருந்ததா, நீ ஏன் வண்டிக்குப் பின்னால் குறுக்கே போனாய்? நண்பர் உண்மையைச் சொன்னார், பாதை சுற்று, நேரம் இல்லை என்று. லாயர் ஃபைலை மூடினார். திரும்பி வருகிற பஸ்ஸில் நண்பர் ஒன்றும் பேசவில்லை. ஒன்பதையே வாங்கிக்கொண்டார். ஊரில் இப்போது ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் கால் குடைகிறது என்று போனில் சொல்வார்.

எந்த வழி என்றாலும் முதல் வாரம்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கான சரக்கு முதல் சில நாளில்தான் சேரும். டாக்டரிடம் முதல்முறை வாய் திறக்கும்போதே "வேலையில், ஃபோர்க்லிஃப்ட் இடித்தது" என்று சொல்லிவிடுங்கள். "டார்மிட்டரி படியில் விழுந்தேன்னு சொல்லு, நாங்க பார்த்துக்கறோம்" என்று கூட வந்தவர் சொன்னால் அதை மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால், பிறகு எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வண்டியின் எண், தரையில் போட்ட கோடு, சுமை இருந்த உயரம், எல்லாவற்றையும் படம் எடுக்க நண்பரிடம் சொல்லுங்கள். மறுநாள் போனால் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும், எனக்கு அதில் அனுபவம் உண்டு. பார்த்தவர்களின் பெயர், ஊர் நம்பர் இரண்டையும் வாங்குங்கள். சிம் மாறும், வேறு கம்பெனிக்குப் போவார்கள், ஊர் நம்பர்தான் நிலைக்கும். 50 லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் 2024 ஜூன் முதல் கேமரா கட்டாயம். கிடங்குகளில் பெரும்பாலும் கம்பெனியே வைத்திருக்கும். பதிவுகள் சில வாரத்தில் அழிந்துவிடும் என்பதால் அதைக் கேட்டு உடனே எழுதி அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப்பில் ஒரு வரி என்றாலும் சரி.

கம்பெனி விபத்தைத் தெரிவிக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் நீங்களே நேரடியாகக் கிளெய்ம் பதியலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ, ஹோம் ஆகிய, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகள் பணம் வாங்காமல் வழி சொல்கின்றன. டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ, வேலையில்லாமல் கிளெய்முக்குக் காத்திருப்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடும் கொடுத்துவருகிறது. அங்கே சாப்பிட வெட்கப்பட வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் இதே தாள்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவராக இருப்பார்; பாதி லாயருக்குச் சமம்.

அன்றைக்குத் தம்பியிடம் கடைசியாகச் சொன்னது தேதி விஷயம்தான். போனை எடுத்து, அடிபட்ட நாளைத் தேடி, சரியாக ஒரு வருடம் கழித்து வரும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டார். அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு குறி போடச் சொன்னேன், போட்டார். அப்புறம், மூவாயிரம் வெள்ளி தருகிறோம் என்று சூப்பர்வைசர் அனுப்பியிருந்த மெசேஜைக் காட்டி, "இத அழிச்சிரட்டுமாண்ணே, பார்த்தா ஆசை வருது" என்றார்.

"அழிக்காத தம்பி. அடிபட்டது அவங்களுக்குத் தெரியும்கிறதுக்கு அதுதான் முதல் சாட்சி."